தரைக்குக் கீழே ஓர் அறை வேண்டுமா?

டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள், இங்கே மனை வாங்கி வரைபடம் போட உட்காரும்போது தவறாமல் கேட்பது: "கீழே ஒரு அண்டர்கிரவுண்ட் எடுத்துவிடலாமா?" அங்கே துணி துவைக்கும் மெஷின், ஹீட்டர், பழைய பெட்டிகள், பேரப்பிள்ளைகள் ஓடியாடும் இடம் எல்லாம் கீழே இருந்தன, மேலே வீடு கச்சிதமாக இருந்தது. நியாயமான ஆசைதான். ஆனால் அங்கே நிலவறை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

குளிர்நாட்டில் மண்ணில் இருக்கும் தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து பருக்கும். மேலாக நிற்கும் அஸ்திவாரத்தை அது தூக்கிவிடும். அதனால் உறைபனி எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் இறங்க வேண்டும். டொராண்டோ பக்கம் அது சுமார் 4 அடி. வீட்டைச் சுற்றிலும் 4 அடிக்குப் பள்ளம் பறித்துச் சுவர் எழுப்பியே தீர வேண்டும் என்னும்போது, இன்னும் சில அடி இறங்கினால் ஒரு முழுத் தளம் கிடைக்கிறது. அவர்களுக்கு அது சிக்கனம்.

நமக்கு மண் உறைவதில்லை. தூண் நிற்கும் இடங்களில் மட்டும் 5 அடி, 6 அடி குழி எடுத்து, மேலே பெல்ட் போட்டு, நடுவில் மண் நிரப்பி வீடு கட்டுகிறோம். ஆகவே இங்கே நிலவறைக்காகத் தோண்டும் ஒவ்வொரு அடியும் தனிச் செலவு. முதல் மாடியில் அதே பரப்பில் ஓர் அறை கட்ட மண் வெட்ட வேண்டாம், லாரி வேண்டாம், தண்ணீர் இறைக்க வேண்டாம், மண்ணைத் தாங்கும் கான்கிரீட் சுவர் வேண்டாம், நீர்த்தடுப்பு உறை வேண்டாம், சாகும்வரை ஓட வேண்டிய பம்பும் வேண்டாம். தமிழ்நாட்டுச் சமவெளியில் குடும்ப வீட்டுக்கு நிலவறை பெரும்பாலும் தேவையில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் நிலை. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருவோம்.

எதற்கு என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கீழே வரப்போகும் அறையில் என்ன நடக்கும் என்று எழுதிப் பாருங்கள். "எதற்காவது ஆகும்" என்று எழுதினால் அந்த அறை இரண்டாம் ஆண்டே உடைந்த நாற்காலிகளுக்கும் கொலு பொம்மைப் பெட்டிகளுக்கும் போய்விடும். அந்த வேலைக்குப் பரண் போதும். இரண்டு படுக்கையறைகளிலும் சமையலறையிலும் 7 அடி உயரத்தில் பரண் விட்டாலே ஒரு சராசரிக் குடும்பத்தின் பழம்பொருள் அடங்கிவிடும். கரையானும் ஓதமும் அங்கே எட்டுவதும் குறைவு.

கார் நிறுத்த என்று எழுதினால் கணக்குப் போடுங்கள். நிலவறையின் தரை 6 அடி பள்ளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் அடி தட்டாமல் இறங்க, 8 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்பதே செங்குத்தான அளவு. அப்படியானால் சாய்தளம் மட்டும் 48 அடி. அரை கிரவுண்டு மனையின் நீளமே 40 அடிதான். தரைத்தளத்தைத் தூண்களின் மேல் விட்டு ஸ்டில்ட் பார்க்கிங் எடுப்பவர்கள் தெரியாமல் செய்யவில்லை.

படுக்கையறை என்றோ, வாடகைக்கு என்றோ எழுதினால் அடித்துவிடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு நிலவறைக்குச் சொல்லும் பயன்கள் பொருள் சேமிப்பு, வாகனம், இயந்திரங்கள் போன்றவை. 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி மையம் நூலகமாக வைத்திருந்த நிலவறைக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். படித்துக்கொண்டிருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் பாட்டியையும் குழந்தையையும் நினைத்துப் பாருங்கள்.

மிஞ்சுவது ஹோம் தியேட்டர், உடற்பயிற்சி, இசைப் பயிற்சி. இவற்றுக்கு வேண்டியது இருட்டும் சத்தம் வெளியே போகாத சுவரும். மாடியில் ஓர் உள்ளறைக்கு இரட்டைச் சுவர் வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

"கோடையில் கீழே ஜில்லென்று இருக்குமே" என்பார்கள். ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். சென்னையில் அந்தச் சராசரி 28, 29 டிகிரி. வட இந்தியாவின் வறண்ட கோடையில் பழைய மாளிகைகளின் நிலவறை சுகமாக இருந்தது. காற்றில் ஈரம் இல்லை. நம் கடலோரக் காற்றோ ஈரத்தைச் சுமந்து கீழே இறங்குகிறது, அங்கே கொஞ்சம் குளிர்கிறது, ஈரப்பதம் இன்னும் ஏறுகிறது. புத்தகமும் பட்டுச்சேலையும் பூசணம் பிடிப்பது இப்படித்தான். அதைத் தடுக்க ஏசி போட்டால், பிறகு நிலவறையின் இயற்கைக் குளிர்ச்சி என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தாளில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

தண்ணீர் எங்கே நிற்கிறது

நிலவறை வேண்டுமா என்பதை முடிவு செய்வது உங்கள் ஆசையோ பட்ஜெட்டோ இல்லை. கார்த்திகை மாதத்து நிலத்தடி நீர்மட்டம். சித்திரையில் மனையைப் பார்த்தவருக்கு எல்லா ஊரும் வறண்ட ஊர்தான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்த பிறகு அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். கிணறு இல்லாத தெருவில், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சென்னை, காஞ்சிபுரம், கடலூர்ப் பக்கம் யாரும் அந்த உயரத்தை மறந்திருக்க மாட்டார்கள். சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

இன்னும் நம்பகமான வழி ஒன்று உண்டு, செலவும் குறைவு. மண் பரிசோதனைக்குத் துளை போடும்போது அந்தத் துளையை மூடிவிடாமல், பக்கவாட்டில் ஓட்டைகள் இட்ட பிவிசி குழாய் ஒன்றை உள்ளே இறக்கி, மேலே மூடி போட்டு வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை, கயிற்றில் கல் கட்டி விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நிலவறையின் அடிமட்டத்துக்கு வரும் ஆழத்தில் ஒரு வாரமாவது தண்ணீர் நின்றால், என் கருத்து: விட்டுவிடுங்கள். ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டுமே என்று தோன்றும். அறுபது வருடம் நிற்கப்போகும் வீட்டுக்கு இது பெரிய தாமதம் இல்லை.

இந்த மழைக்காலம் குறைவாகப் பெய்தது, தண்ணீர் ஏறவில்லை என்றால்? அப்போதும் கவனம் வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நிலத்தடி நீருக்கு நல்ல காரியம். ஆனால் கூரைத் தண்ணீரை எல்லாம் நிலவறைச் சுவருக்கு நாலடி தள்ளிக் குழிக்குள் விட்டால், நீங்களே உங்கள் சுவருக்குத் தண்ணீர் காட்டுகிறீர்கள். சம்ப், செப்டிக் டேங்க் கசிவும் அப்படித்தான். இவை மூன்றையும் நிலவறையிலிருந்து விலக்கி மனையின் மறுகோடியில் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன மனையில் இருக்காது.

தண்ணீர் சுவர் வழியாகக் கசியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அடியிலிருந்து தூக்கும் என்பதை அதிகம் பேர் நினைப்பதில்லை. மழைக்காலத்தில் காலியாகக் கிடந்த சம்ப் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பி நிற்பதைக் கொத்தனார்கள் பார்த்திருப்பார்கள். நிலவறையும் ஒரு காலிப் பெட்டிதான். உள்ளளவு 20க்கு 30 அடி, சுற்றிலும் 9 அங்குலக் கான்கிரீட் சுவர், 1 அடி தடிமனில் அடித்தளம், அடித்தளத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடி கீழே என்று எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தரைமட்டத்துக்கு 2 அடி கீழே வரை ஏறினால் மேல்நோக்கிய விசை சுமார் 95 டன். சுவர்களும் அடித்தளமும் சேர்ந்த எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். தண்ணீர் தரைமட்டத்தைத் தொட்டால் விசை 130 டன்னைத் தாண்டும். அப்போது மேல்தளத்து கான்கிரீட் போட்டிருந்தாலும் போதாது. அதன்மேல் இரண்டு மாடி ஏறிவிட்டால் கவலை குறையும். ஆபத்து இடைப்பட்ட காலத்தில்தான். வங்கிக் கடனின் அடுத்த தவணை தாமதமாகி, பெட்டி மட்டும் எழும்பிய நிலையில் வேலை நின்று, மழை பிடித்துக்கொண்டால் பெட்டி படகாகிவிடும். இப்படி நின்றுபோனால், பம்பை நிறுத்தி உள்ளேயே தண்ணீரை விட்டு எடை ஏற்றிக் காப்பாற்றுவது பொறியாளர்களுக்குத் தெரிந்த உபாயம். பார்க்க வயிறு எரியும், அதுதான் சரி.

மேல்தண்ணீரும் இருக்கிறது. நம் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. இன்று சாலைக்கு ஓர் அடி மேலே இருக்கும் நிலவறை ஜன்னல் பத்து வருடத்தில் சாலைமட்டத்துக்கு வந்துவிடலாம்.

மண்ணும் அடுத்த வீடும்

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் பருத்து, கோடையில் சுருங்கி வெடிக்கும். அது நிலவறைச் சுவரைப் பக்கவாட்டில் வருடா வருடம் தள்ளும். டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எங்கும் வயலும் வாய்க்காலும் சூழ்ந்திருக்கத் தரைக்குக் கீழே உலர்ந்த அறை என்ற பேச்சே வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் பள்ளம் நிற்காது, சரியும். உப்புத் தண்ணீர் கம்பியைத் தின்னும். வேளச்சேரி, பெருங்குடி சதுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேலம், நாமக்கல், கிருஷ்ணகிரியில் சில அடியிலேயே பாறை தட்டும். பிரேக்கர் வைத்து உடைக்கும் கூலி மணிக்கணக்கில் ஏறும். பாறை இருந்தால் தண்ணீர் இருக்காது என்று நினைக்காதீர்கள். நீங்கள் குடைந்த குழியே மழைநீர் தேங்கும் தொட்டியாகிவிடும். கெட்டியான செம்மண், சரளை மண், ஆழத்தில் நீர்மட்டம் என்று அமைந்த மேட்டு மனைகள்தான் யோசிக்கத் தகுந்தவை.

மண் வெட்டி எடுப்பதும் சின்ன வேலை இல்லை. மேலே சொன்ன 20க்கு 30 அறைக்கு, சுவரும் ஆட்கள் நின்று வேலை செய்யும் இடமும் சேர்த்து 26க்கு 36 அடி பள்ளம் வேண்டும். 8 அடி ஆழத்துக்கு ஏறக்குறைய 75 யூனிட் மண். வெட்டிய மண் கால் பங்கு உப்பும். 94 யூனிட் ஆகும். 3 யூனிட் பிடிக்கும் டிப்பரில் முப்பது நடைக்கு மேல். தெருவில் லாரி திரும்புமா, மண்ணை எங்கே கொட்டுவது, கொண்டுபோக என்ன அனுமதி வேண்டும் என்பதை எல்லாம் ஜேசிபி வருவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தை ஒட்டி யாருடைய அஸ்திவாரம் இருக்கிறது என்பது இதைவிட முக்கியம். அடுத்த வீட்டு அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உங்கள் பள்ளம் அந்தக் கோட்டை வெட்டினால், அவர் வீட்டைத் தாங்கும் மண்ணில் நீங்கள் கை வைக்கிறீர்கள். சுவருக்கு முட்டு, தடுப்புத் தகடு, துண்டு துண்டாக வெட்டிக் கட்டுதல் என்று வழிகள் உண்டு. அவற்றைப் பொறியாளர் கணக்குப் போட்டு வரைந்து தர வேண்டும், மேஸ்திரியின் அனுபவம் இங்கே போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் பெரிய கட்டுமானப் பள்ளம் சரிந்து இருவர் இறந்தார்கள். அது ஆழமான பள்ளம். ஆனால் 8 அடி பள்ளத்தில் மண் சரிந்தாலும் உள்ளே நிற்கும் ஆள் மூடிப்போவார். வேலை தொடங்கும் முன் அடுத்த வீட்டுச் சுவர்களை அவரை வைத்துக்கொண்டே படம் எடுத்து வையுங்கள். பழைய விரிசல் எது, புது விரிசல் எது என்ற தகராறு வராது.

வாஸ்து பார்ப்பவர் ஈசானியத்தில் பள்ளம் நல்லது என்று சொல்லியிருக்கலாம். அங்கே சம்ப் வைத்து அவரைத் திருப்திப்படுத்திவிடலாம்.

எங்கே எடுக்கலாம்

சரிவான மனையில் எடுக்கலாம். கோத்தகிரி, ஏற்காடு, கொடைக்கானலில் சாலைமட்டத்தில் வாசல் வைத்தால், பின்பக்கம் மனை ஒரு தளம் இறங்கிவிடும். அந்த இறக்கத்தை மண்ணால் நிரப்புவதைவிட அறையாக்குவது அறிவு. ஒரு பக்கம் மண், மறுபக்கம் திறந்த வெளி: ஜன்னல் வரும், கதவு வரும், தண்ணீர் பம்பு இல்லாமல் தானே வழிந்தோடும். இப்படிப்பட்ட அறையில் தாராளமாகக் குடியிருக்கலாம். மலைப்பக்கச் சுவரின் பின்னால் தண்ணீர் வெளியேற வழி விடுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலை ஊர்களில் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி எந்தக் கிராமங்களுக்கு வேண்டும் என்பதை மனை வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

சமவெளியில் அடிக்கடி வரும் வாதம் வேறு: "மனை சாலையைவிட 5 அடி பள்ளம். எப்படியும் மண் கொட்டி நிரப்பணும். அந்தக் காசுக்கு அறையாக்கிடலாமே." கேட்க நன்றாக இருக்கும். மனை ஏன் பள்ளமாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். முன்பு ஏரியின் ஓரமாகவோ வயலாகவோ இருந்திருந்தால், சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் வந்து சேரும் இடம் அது. அங்கே மண்ணை நிரப்பி மேலே வீடு கட்டுங்கள். சாலையை மேடாக்கியதால் மட்டும் பள்ளமான செம்மண் மனை, கிணற்றில் தண்ணீர் மழைக்காலத்திலும் 25 அடிக்குக் கீழே என்றால் பேசலாம்.

மற்றது, மனை விலை மிக ஏறிய நகர மையம். மாடி உயர்த்த விதி இடம் கொடுக்கவில்லை, சொந்தத் தொழிலுக்குப் பொருள் வைக்க இடம் வேண்டும், மண்ணும் கெட்டி. அங்கே நிலவறையின் செலவை மனை விலையோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகலாம்.

எடுப்பது என்று முடிவானால்

முழுக்கப் புதைக்காதீர்கள். தேசிய விதித்தொகுப்பு நிலவறையின் உட்கூரை சுற்றுத்தரைக்கு 0.9 மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை மேலே இருக்க வேண்டும் என்கிறது. உள்ளுயரம் குறைந்தது 2.4 மீட்டர். இதனால் மேலே ஜன்னல் கிடைக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: உங்கள் தரைத்தளம் மண்ணுக்கு மூன்றரை, நான்கு அடி மேலே போய்விடும், வாசலில் ஏழெட்டுப் படி வரும். மூட்டுவலிக்காரர்கள் இருக்கும் வீடா என்று யோசியுங்கள்.

சுவர் கம்பி கட்டிய கான்கிரீட்டாகவே இருக்க வேண்டும். செங்கல் சுவரை 9 அங்குலத்துக்குப் பதில் 14 அங்குலமாக வைக்கிறேன் என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கசிவு பெரும்பாலும் அடித்தளமும் சுவரும் சேரும் இணைப்பிலும், சென்ட்ரிங் பலகையைப் பிடிக்க விட்ட போல்ட் துளையிலும், வைப்ரேட்டர் எட்டாமல் பொந்து விழுந்த இடத்திலும்தான் வரும். இணைப்பில் வாட்டர் ஸ்டாப்பர் பட்டை வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் முன் கண்ணால் பாருங்கள். நீர்த்தடுப்பு உறை சுவரின் வெளிப்பக்கம் போட வேண்டியது. தண்ணீர் அதைச் சுவரோடு அழுத்தும். உள்பக்கம் பூசினால் தண்ணீர் அதைத் தள்ளி உரித்துவிடும். வெளியே ஜல்லியும், துளையிட்ட குழாயும், மண் புகாத துணியும் வைத்து, தண்ணீர் ஒரு குழிக்கு ஓடி அங்கிருந்து பம்பில் வெளியேற ஏற்பாடு வேண்டும்.

அந்தப் பம்பு ஓட வேண்டிய நேரத்தில்தான் மின்வாரியம் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும். ஆகவே பம்புக்குத் தனி இன்வெர்ட்டர், அதுவும் மேல்தளத்தில். மெயின் போர்டையும் மீட்டரையும் கீழே வைக்கவே கூடாது. கீழே கழிப்பறை வேண்டாம். பாதாளச் சாக்கடைக் குழாயைவிடத் தாழ்ந்த கழிப்பறையில், மழை நாளில் ஊர்க் கழிவு திரும்பி வரும். இறங்கும் படியின் தலைப்பில், வெள்ளம் வந்த உயரத்தைத் தாண்டிய ஒரு மேடை கட்டி, ஏறித்தான் இறங்கும்படி செய்யுங்கள். வெளியேற இரண்டாவது வழி ஒன்றும் வேண்டும்.

தை மாதம் வானம் தோண்டினால் ஆவணிக்குள் பெட்டி முடிந்து, மண் மூடி, மேல்தளத்து கான்கிரீட்டும் ஏறிவிட வேண்டும். அதற்கான பணம் முழுவதும் கையில் இல்லாவிட்டால் தோண்டத் தொடங்காதீர்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் மேஸ்திரிக்குப் பேஸ்மென்ட் என்றால் தரையிலிருந்து வீடு உயர்ந்து நிற்கும் அடிமேடை. "பேஸ்மென்ட் உட்பட" என்று எழுதிவிட்டு இருவரும் வேறு வேறு பொருளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உள்ளளவு, ஆழம், சுவர்த் தடிமன், வெளி உறையின் பெயர், மண் அகற்றும் பொறுப்பு, தண்ணீர் இறைக்கும் செலவு யாருடையது என்று தனித்தனியாக எழுதுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் கார்த்திகை கழியும்வரை நிறுத்தி வைக்கச் சம்மதிக்கும் ஒப்பந்தக்காரர் கிடைத்தால் அவரிடம் வேலையைக் கொடுங்கள்.